ஒன்பது மலர்கள் மிதந்த வழியே...
மார்கழி ஞாயிறும் நவகைலாய யாத்திரையும்

மாதங்களில் தாம் மார்கழி என்று கீதையில் கண்ணபிரான் அருளினார். தேவர்களுக்கு இதுவே வைகறைப் பொழுது. முன்பனிக் காலம் தொடங்கும் இம்மாதத்தில் திருப்பாவையும் திருவெம்பாவையும் ஒலிக்காத திருக்கோயில் தமிழகத்தில் இல்லை. தாமிரபரணிக் கரையில் வாழும் மக்களுக்கு இம்மாதத்தில் இன்னொரு பேறும் உண்டு. மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே நாளில் நவகைலாயத் தலங்கள் ஒன்பதையும் தரிசித்து வரும் பேருந்து யாத்திரையே அது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்குச் சிறப்புப் பேருந்துகள் செல்வதைப் போல, மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கு நெல்லையிலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்துகளை இயக்குவது வழக்கம். தெருவினர் ஒன்றுகூடியும், பஜனைக் குழுவினர் சேர்ந்தும் தனியாகப் பேருந்து அமர்த்திச் செல்வதும் உண்டு. கொற்கை, ஏரல், ஆத்தூர், தூத்துக்குடி என்று நதி கடலை நெருங்கும் பகுதிகளிலிருந்து புறப்படுவோருக்கு இந்த யாத்திரையில் தனிச்சுவை இருக்கிறது. நதி முடியும் இடத்திலிருந்து கிளம்பி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் மேற்கே சென்று, அது மலையிலிருந்து இறங்கும் இடத்தைக் கண்டு வணங்கி, அந்த நதியோடு கூடவே தங்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள் அவர்கள்.

இருளில் தொடங்கும் பயணம்

பொழுது புலர இன்னும் நெடுநேரம் இருக்கும்போதே பேருந்து புறப்பட்டுவிடும். கம்பளிக் குல்லாய் அணிந்த பெரியவர்கள், சால்வையால் தலையை மூடிய மூதாட்டியர், அவர்களைக் கைபிடித்து ஏற்றிவிடும் பேரப் பிள்ளைகள் என்று கோயில் வாசலே திருவிழாக் கோலம் கொள்ளும். முன் கண்ணாடியில் வேப்பிலையும் மாலையும் அசையும். சூடத் தட்டு காட்டி, சிதறுகாய் உடைத்து, 'நமப் பார்வதி பதயே' என்று ஒரு குரல் எழுப்ப, 'ஹர ஹர மகாதேவா' என்று பேருந்து முழுவதும் ஒருமித்து விடை கூறும்.

ஜன்னல்களுக்கு வெளியே பனி படர்ந்திருக்கும். வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் நிழலாகத் தெரிந்து மறையும். கீழ்வானம் வெளுக்கும் வேளையில் நெல்லையைக் கடந்திருப்பார்கள். அதன் பின் இருமருங்கும் பிசான நெற்பயிர், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் காட்சி தரும். ஆற்றின் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள் சாலையோடு சேர்ந்தும் விலகியும் ஓடும். வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணப் பிள்ளையாரில் பூசணிப்பூச் செருகும் பெண்களை வழியெங்கும் காணலாம்.

பேருந்துக்குள் திருவெம்பாவை முடிந்திருக்கும். தூக்குவாளியில் வந்த வெண்பொங்கலும் புளியோதரையும் கை மாறத் தொடங்கியிருக்கும். ஒரு தெருவில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் 'சௌக்கியமா' என்பதற்கு மேல் பேசாதவர்கள்கூட இந்த ஒரு நாளில் உறவினர் ஆகிவிடுகிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வீட்டில் தனித்து வாழும் முதியவர்கள் இன்று ஏராளம். தனியாக ஒன்பது தலங்களுக்குச் செல்வது அவர்களால் இயலாத காரியம். கூட்டாகச் சென்றால் ஒருவருக்கு ஒருவர் துணையாகிறார்கள். முழங்கால் வலியும் நீரிழிவும் அந்த ஒரு நாளைக்கு மறந்துபோகின்றன.

உரோமசர் விட்ட மலர்கள்

நவகைலாயத்தின் வரலாறு அகத்திய முனிவரிடமிருந்து தொடங்குகிறது. சிவபார்வதி திருமணத்தின்போது வடதிசை தாழ, இறைவன் ஆணையால் பொதிகைக்கு வந்தவர் அகத்தியர். அவருடைய சீடர் உரோமச முனிவர் முக்தி வேண்டித் தவம் செய்தார். குருவோ ஒன்பது தாமரை மலர்களைத் தாமிரபரணியில் மிதக்கவிட்டு, அவை எங்கெங்கே கரை ஒதுங்குகின்றனவோ அங்கெல்லாம் சிவலிங்கம் நிறுவி வழிபடுமாறு பணித்தார். நிறைவாக நதி கடலோடு கலக்கும் சங்குமுகத்தில் நீராடினால் எண்ணியது கைகூடும் என்றும் அருளினார்.

மலர்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி ஆகியவை எட்டுத் தலங்கள். ஒன்பதாவது மலர் கடலுக்கு அருகே கரை சேர்ந்த ஊர் சேர்ந்தபூமங்கலம். ஊர்ப் பெயரே தலவரலாறாக நிற்பதைக் காணலாம். இவ்வொன்பதும் முறையே சூரியன், சந்திரன், செவ்வாய், ராகு, குரு, சனி, புதன், கேது, சுக்கிரன் ஆகிய கிரகங்களுக்கு உரிய தலங்களாகப் போற்றப்படுகின்றன.

இந்த வரிசை கிழமைகளின் வரிசை அன்று, நதியின் வரிசை. முனிவர் தலங்களைத் தாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. மலரைத் தண்ணீரில் விட்டார். எங்கே கோயில் அமைய வேண்டும் என்பதை நதியே முடிவு செய்தது.

பாபநாசம் முதல் குன்னத்தூர் வரை

பொதிகை மலையடிவாரத்தில் உள்ள பாபநாசத்தில் பாபநாசநாதரும் உலகாம்பிகையும் அருள்புரிகிறார்கள். அகத்தியருக்கு இறைவன் திருமணக் காட்சி தந்த தலம் இது. அம்பாள் சன்னிதி முன் உள்ள உரலில் பெண்கள் விரலி மஞ்சள் இட்டு இடித்துப் பிரார்த்திப்பார்கள். கோயிலுக்கு எதிரே மார்கழியின் குளிரோடு ஆறு நுரைத்து ஓடும். படித்துறையில் முதல் முழுக்குப் போடும்போது எழும் சிவ நாமம் மலை வரை எதிரொலிக்கும்.

அங்கிருந்து அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாகப் பேருந்து கிழக்கு நோக்கித் திரும்பும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்காமல் மகளிர் யாரும் வண்டியை நகரவிடுவதில்லை.

இரண்டாவது தலமான சேரன்மகாதேவியில் இறைவன் அம்மைநாதர், இறைவி ஆவுடையம்மை. மார்கழி வியதீபாத நாளில் இங்கு நீராடி வழிபடுவது மிகச் சிறப்பு. நெல் குத்திப் பிழைத்த இரு பெண்கள் தங்கள் உழைப்பில் மிச்சப்படுத்திய பொருளைக் கொண்டு இத்திருக்கோயிலை எழுப்பினார்கள் என்பது இங்கு வழங்கும் வரலாறு. அரசர்கள் கட்டிய கோயில்களுக்குக் கல்வெட்டு உண்டு. உலக்கை பிடித்த கைகளின் சிறுசேமிப்பு ஒரு கோயிலாயிற்று என்ற செய்தியோ, கேட்பவர் நெஞ்சிலேயே பொறிக்கப்பட்டுவிடுகிறது.

கோடகநல்லூர், கார்க்கோடகன் என்னும் நாகத்தோடு தொடர்புடைய தலம். கைலாசநாதரும் சிவகாமி அம்பாளும் எழுந்தருளியுள்ள இவ்வூர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுந்தர சுவாமிகளாலும் புகழ் பெற்றது. 'மனோன்மணீயம்' நாடகத்தை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளைக்கு ஞானகுருவாக விளங்கியவர் அவர். அடுத்துள்ள குன்னத்தூரில் கோதபரமேஸ்வரர் அருள்கிறார். லிங்கத் திருமேனியில் நாகத்தின் வடிவம் காணப்படுவது ராகு தலத்துக்குப் பொருத்தமாக அமைந்த அற்புதம்.

முறப்பநாடும் ஸ்ரீவைகுண்டமும்

நெல்லையைத் தாண்டித் தூத்துக்குடிச் சாலையில் சென்றால் முறப்பநாடு. நவகைலாயத்தின் நடுநாயகமான குரு தலம். இங்கு ஓடும் தாமிரபரணிக்குத் தட்சிண கங்கை என்று பெயர். இங்குள்ள நந்திக்குக் குதிரை முகம். குதிரை முகத்தோடு பிறந்த சோழ மன்னனின் மகள் இங்கு நீராடி வழிபட, அம்முகத்தை நந்தியெம்பெருமான் தாம் ஏற்றுக்கொண்டார் என்கிறது தலவரலாறு. பிறர் துன்பத்தைத் தாம் வாங்கிக்கொள்வதே தெய்வத் தன்மை என்பதை இதனினும் எளிதாகச் சொல்ல இயலுமோ!

ஆறாவது மலர் சேர்ந்த ஸ்ரீவைகுண்டம், சைவத்துக்கும் வைணவத்துக்கும் பொதுவான புண்ணிய பூமி. நவதிருப்பதிகளில் முதன்மையான கள்ளபிரான் சன்னிதி இவ்வூரில்தான் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகள் அவதரித்த ஊரும் இதுவே. ஐந்து வயது வரை பேசாதிருந்த குழந்தையைப் பெற்றோர் திருச்செந்தூர் முருகன் சன்னிதியில் கிடத்திப் பிரார்த்திக்க, வாய் திறந்த பிள்ளை 'கந்தர் கலிவெண்பா' பாடியது என்பது அன்பர்கள் அறிந்த வரலாறு.

பொதுவாகச் சனீஸ்வரன் தலம் என்றவுடன் அடியார்கள் மனத்தில் சிறிது அச்சம் எழும். ஸ்ரீவைகுண்டம் கைலாசநாதர் கோயிலில் நிற்கும்போது அந்த அச்சத்தைவிடப் பெரிய ஒரு நினைவு, அண்மைக் காலமாக, யாத்திரை வருவோர் உள்ளத்தில் எழுகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17. மார்கழி முதல் நாள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. அன்று தொடங்கிய பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்தது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை புரண்டது. ஏரலும் சுற்றுப்புறக் கிராமங்களும் வெள்ளத்தில் மூழ்கின. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஸ்ரீவைகுண்டம் நிலையத்தைத் தாண்டிச் செல்ல வழியின்றி நின்றது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. ஏறத்தாழ 800 பயணிகள். அவர்களுள் செந்தூர் முருகனைத் தரிசித்துத் திரும்பிய பக்தர்கள் பலர்.

நிலையத்தை அடுத்த புதுக்குடிக் கிராம மக்கள் அப்போது செய்த தொண்டை நாடே அறியும். தங்கள் வீடுகளையும் வெள்ளம் சூழ்ந்திருந்த வேளையில், ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டி, இருந்த அரிசியைப் பொங்கி, முகம் அறியாத பயணிகளுக்குச் சோறிட்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்து சேரும் வரை பசியாற்றியது அந்தக் கோயில் அடுப்புதான். யாத்திரைப் பேருந்து அப்பகுதியைக் கடக்கும்போது, அந்தத் திசை நோக்கிக் கைகூப்பாதவர் அரிது.

தேங்காய்க்குக் கொம்பு முளைத்த தலம்

தென்திருப்பேரையிலும் மகர நெடுங்குழைக்காதப் பெருமாளும் கைலாசநாதரும் ஓரூரில் எழுந்தருளி இருக்கிறார்கள். கைலாசநாதர் கோயில் அழகிய பொன்னம்மை சன்னிதியில் கொம்பு முளைத்த தேங்காய் ஒன்றை இன்றும் காட்டுவார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரி ஒருவர் வழியில் இளநீர் கேட்டாராம். அம்பாளின் அபிஷேகத்துக்கு உரிய தோப்பு இது என்று காவலாளி மறுத்தார். 'அதற்கு என்ன, கொம்பா முளைத்திருக்கிறது?' என்று அதட்டிப் பறிக்கச் சொன்னார் அதிகாரி. பறித்த தேங்காயில் கொம்பு முளைத்திருந்தது. அஞ்சி வணங்கிய அதிகாரி கோயிலுக்குக் காணிக்கை செலுத்தினார் என்பது வரலாறு. பேருந்தில் வரும் சிறுவர்கள் நாள் முழுவதும் எதிர்பார்த்திருப்பது இந்தத் தேங்காயைத்தான்.

எட்டாவது தலம் ராஜபதி. பழைய கோயிலை ஆற்று வெள்ளம் கொண்டு போய்விட்டது என்பர். நெடுங்காலம் கோயில் இருந்த இடம் மட்டுமே வழிபடப்பட்டது. நம் காலத்தில் அடியார்கள் முயன்று புதிதாகத் திருக்கோயில் எழுப்பி, கைலாசநாதரையும் சௌந்தரநாயகி அம்பாளையும் பிரதிஷ்டை செய்திருக்கிறார்கள். வெள்ளம் கோயிலைக் கொண்டு போகலாம். மலர் ஒதுங்கிய இடத்தை மக்கள் நினைவிலிருந்து கொண்டு போக இயலவில்லை.

சேர்ந்தபூமங்கலமும் கொற்கையும்

வெயில் தாழும் நேரத்தில் பேருந்து ஆத்தூரைத் தாண்டும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் மணம் காற்றில் கலந்திருக்கும். சிறிது தொலைவில் சேர்ந்தபூமங்கலம். கடைசி மலரின் தலம். இங்குக் கைலாசநாதரை வணங்கிச் சென்ற உரோமசர், புன்னைக்காயல் அருகே நதி கடலோடு கலக்கும் இடத்தில் நீராடி முக்தி எய்தினார்.

ஆற்றின் வடகரையில் சிறிது தூரத்தில் இருக்கிறது கொற்கை. பாண்டியர்களின் துறைமுகமாக விளங்கிய ஊர். இங்கு எடுத்த முத்துகள் ரோம் வரை சென்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளைக் கூறும்போது தாமிரபரணியின் பெயரால் ஒரு வகையைக் குறிக்கிறது. 1968-69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டது. பொன்னும் நாணயமும் செய்த அக்கசாலையின் நினைவாக இன்றும் அக்கசாலைப் பிள்ளையார் அங்கே வீற்றிருக்கிறார். வெற்றிவேல் அம்மன் கோயிலைக் கண்ணகி வழிபாட்டோடு தொடர்புபடுத்திக் கூறுவர். குளக்கரையில் மிகப் பழமையான வன்னி மரம் ஒன்று நிற்கிறது.

அங்கே நின்று பார்த்தால் கடல் கண்ணுக்குத் தெரியாது. பல கிலோமீட்டர் கிழக்கே விலகிவிட்டது. காரணம் தாமிரபரணிதான். ஆண்டுதோறும் நதி கொணர்ந்த வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தது. கடல் விலக, வாணிகம் பழையகாயலுக்குப் பெயர்ந்தது. அதுவும் தூர்ந்து புன்னைக்காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் சென்றது. தூத்துக்குடியில் முத்துக் குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று வாழையும் நெல்லும் விளைகின்றன. நதி மேலிருந்து எதைக் கொண்டு வருகிறதோ, அதுவே கீழே உள்ள ஊரின் விதியாகிறது என்பதற்குக் கொற்கையைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

நாம் விடுவது என்ன?

உரோமசர் பாபநாசத்தில் மலரை விட்டார். அது சேர்ந்தபூமங்கலம் வரை வந்தது. இன்று பாபநாசத்தில் நீராடும் பலர், பரிகாரம் என்ற நம்பிக்கையில் உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணிகள் பாறைகளிலும் படித்துறைகளிலும் சுற்றிக் கிடக்கின்றன. நீராட இறங்கும் முதியவர்களின் காலில் சிக்குகின்றன. தன்னார்வலர்கள் அவற்றைக் குவியல் குவியலாக வெளியே எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க மீண்டும் சேர்கின்றன. எண்ணெய்ப் பாட்டில்களும் பிளாஸ்டிக் பைகளும் அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன.

தமிழகத்திலேயே தோன்றி, தமிழகத்திலேயே கடலில் கலக்கும் வற்றாத நதி தாமிரபரணி. சுமார் 125 கிலோமீட்டர் நீளமே உள்ள இந்நதிதான் நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்ட மக்களின் தாகம் தீர்க்கிறது. ஒன்பது கைலாசநாதர்களுக்கும் இதுவே திருமஞ்சன நீர். பாபத்தைப் போக்கிக்கொள்ள விட்டதாக எண்ணும் துணி, அடுத்த தலத்து இறைவனின் அபிஷேக நீரில் மிதந்து செல்கிறது. எந்த சாஸ்திரமும் இதை ஏற்குமா என்பதைப் பெரியோர் சிந்திக்க வேண்டும்.

குழுவாகச் செல்லும் பேருந்துகள் சில, இதற்கு எளிய வழி கண்டிருக்கின்றன. புறப்படும்போதே ஈரத் துணிக்கென்று ஆளுக்கொரு பையை எடுத்து வரச் சொல்கிறார்கள். ஆற்றில் சோப்பும் ஷாம்பூவும் கூடாது என்று முன்பே அறிவித்துவிடுகிறார்கள். 'தாத்தா சொன்னார்' என்றால் பேரன் கேட்பான். ஆகவே இக்கடமையும் பெரியவர்கள் கையில்தான் இருக்கிறது.

இரவு கவிந்ததும் பேருந்து ஊர் திரும்பும். ஒன்பது கோயில்களின் திருநீறும் குங்குமமும் சிறு சிறு பொட்டலங்களாக மடியில் இருக்கும். நாளை காலை அண்டை வீட்டாருக்கும், வர இயலாமல் படுக்கையில் இருக்கும் நண்பருக்கும் அவை சென்று சேரும். இனி இப்புனித நதியில் விடுவதாயின், மலர் ஒன்றையே விடுவோம்; அதுவும் நார் நீக்கிய மலராக. கைலாசநாதர் திருவருளால் தாமிரபரணி வற்றாமலும் மாசுறாமலும் கடல் சேர்வதாகுக!

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு: நண்பகலில் நடை சாத்தும் கோயில்கள் உண்டு, எனவே மார்கழி ஞாயிறு தரிசன நேரங்களை முன்னதாகக் கேட்டறிவது நலம். படித்துறைகளில் பாசி வழுக்கும். முதியவர்கள் துணையின்றி ஆற்றில் இறங்க வேண்டாம். தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வதே போதும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள், ஒரு கம்பளி, ஈரத் துணிக்கு ஒரு பை ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்க.